அடுத்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி

ஈரத்துணியை உலர்த்துவதில் ஒழுக்கவியல் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். துவைக்கிறோம், பிழிகிறோம், கொடியில் போடுகிறோம்; மாலையில் எடுத்து மடித்து வைக்கிறோம். இதில் ஹலால் எது, ஹராம் எது? தொழுகைக்கு உடை தூய்மையாய் இருத்தல் வேண்டும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். எத்தனை முறை அலச வேண்டும், ஒவ்வொரு முறையும் பிழிந்தே தீர வேண்டுமா என்பதில் ஹனஃபிகளுக்கும் ஷாஃபிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஓதிக்கொடுக்க உஸ்தாதுகள் உண்டு. ஆனால் தூய்மையாக்கிய துணியை எதன்மீது தொங்கவிடுகிறோம் என்று கேட்டவர், நாம் படித்த வரையில், ஒருவர்தாம். அப்பெரியாரைப் பற்றிச் சொல்லுமுன் நம் வீட்டுக் கொடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

1989ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நகரை ஒட்டி வேலூர்ச் சாலையில் உள்ள வேங்கிக்காலில் அமைந்தது. ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊரில் அதன்பின் மனைப்பிரிவுகள் பெருகின. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சிறு வணிகர்களும் கடன் வாங்கி வீடு கட்டிக் குடியேறினர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவரும், பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வருகிறவரும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாயினர். 2002இல் நாமும் அப்படி ஒருவராய் அங்கே குடிபுகுந்தோம்.

பின்புற முற்றம் இருபதடி. ஒரு முனையில் நம் சமையற்கட்டுச் சன்னலின் கம்பி. மறுமுனையில் கயிற்றைக் கட்ட நமக்கென்று ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த வீட்டின் பக்கச் சுவர் எல்லைக் கோட்டின் மீதே எழும்பி நின்றது. (எல்லையில் இடம்விட்டுக் கட்ட வேண்டும் என்பது விதி. அவ்விதி நம் ஊர்களில் வரைபடத்தாளோடு நின்றுவிடும்.) குடிவந்த இரண்டாம் நாள், ஓர் ஆறங்குல ஆணியை அச்சுவரில் அடித்துக் கயிற்றைக் கட்டினோம். சுத்தியலின் ஓசை அப்புறத்தில் நிச்சயம் கேட்டிருக்கும். யாரும் வந்து என்னவென்று கேட்கவில்லை. நாமும் போய்ச் சொல்லவில்லை.

அந்தக் கொடியில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடின. கைக்குழந்தையின் துண்டுத் துணிகள் வரிசையாய்க் காய்ந்த இடத்தில் பள்ளிச் சீருடைகள் வந்தன. பிறகு கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கால்சட்டைகள் வந்தன. கைலிகளும் சேலைகளும் துப்பட்டிகளும் முசல்லாக்களும் என்றும்போல் காய்ந்தன. அடுத்த வீட்டம்மையாரின் கணவர் இதற்கிடையில் காலமானார். மகன் பெங்களூரில் வேலைக்குப் போனார். அம்மையார் தனித்து வாழ்ந்தார். நோன்புக் கஞ்சி இங்கிருந்து போகும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் அங்கிருந்து வரும். நல்ல அண்டை வீட்டாராக வாழ்கிறோம் என்றே எண்ணியிருந்தோம்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள், டிசம்பர் முதல் தேதி, திருவண்ணாமலையில் கொட்டிய மழையில் மலைச்சரிவு இடிந்து, அடிவாரத்தில் ஒரு வீட்டில் இருந்த குழந்தைகள் உட்பட ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஊரே துயரில் உறைந்திருந்த வாரம் அது. அம்மையாருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நாமும் நம் வீட்டாரும் பார்க்கப் போனோம். வாசல் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து பேசிய நாள்கள் பல உண்டே தவிர, அவருடைய படுக்கையறைக்குள் நாம் நுழைந்தது அன்றுதான்.

கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே சுவரில் ஒரு கறை. ஓர் ஆள் கையை விரித்தாற்போன்ற அகலத்தில் பழுப்பும் பச்சையுமாய்ப் படர்ந்து, நடுவில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கறையின் உச்சியை நம் கண் தானாகவே அளந்தது. நம் ஆணியின் உயரம்!

நம் வீட்டார் நம்மைப் பார்த்தார். நாம் சுவரைப் பார்த்தோம். பிறகு, "எத்தனை வருஷமா இப்படி இருக்கும்மா? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டோம்.

"சொன்னா நீங்க கழட்டிடுவீங்க பாய். கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு அந்தப் பொண்ணு துணிய எங்க போய் காயப்போடும்? அதான் சொல்லல" என்றார் அவர். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஓர் ஆணி இவ்வளவு செய்யுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். செய்யும். இருபதடிக் கயிற்றில் 10 கிலோ ஈரத்துணியைப் பரவலாகப் போட்டு, நடுவில் அரையடி மட்டுமே தொய்யுமாறு விறைப்பாகக் கட்டினால், முனையிலுள்ள ஆணியை இழுக்கும் விசை ஏறத்தாழ 50 கிலோவாகும். தொய்வு ஓரடியானால் அது பாதியாகக் குறையும். துணி தரையில் படக்கூடாது, கொடி அழகாக நேராக நிற்க வேண்டும் என்று மாதந்தோறும் நாம் இறுக்கிக் கட்டிய ஒவ்வொரு முறையும் அடுத்தவர் சுவரைத்தான் இழுத்திருக்கிறோம். இழுவையில் ஆணி அசைய, துளை அகலும். மழைநீர் கயிற்றின் வழியே ஓடிவந்து அத்துளையில் இறங்கும். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்த துரு பூச்சை வெடிக்கச் செய்யும். செங்கல் நீரை உறிஞ்சி அப்புறம் அனுப்பும். நாம் உலர்த்திய துணிகளின் ஈரத்தில் ஒரு பங்கு ஒரு முதியவளின் தலைமாட்டில் தங்கியிருக்கிறது.

வழக்கறிஞரான ஒரு நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் நம் கலக்கத்தைப் புரிந்துகொள்ளாமல், "பயப்படாதீர்கள், நீங்கள்தாம் வலுவான இடத்தில் இருக்கிறீர்கள்" என்றார். 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், 15ஆம் பிரிவு. பிறர் சொத்தின்மீது ஒரு வசதியை ஒருவர் அமைதியாக, பகிரங்கமாக, தடையின்றி, உரிமைபோல 20 ஆண்டு அனுபவித்து வந்தால் அது அவருக்கு உரிமையாகவே ஆகக்கூடும். இதில் ஒரு நுட்பம் உண்டென்று அவரே விளக்கினார். முதல் நாளே அந்த அம்மையாரிடம் போய், "ஆணி அடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, அவரும் சரி என்றிருந்தால் அது வெறும் அனுமதி, நூறு ஆண்டு கழிந்தாலும் உரிமையாகாது. கேளாமல் அடித்ததால்தான் உரிமை என்ற பேச்சே எழுகிறது.

கேட்டவன் என்றைக்கும் இரவலன். கேளாதவன் இருபது ஆண்டில் உரிமையாளன்! சட்டத்துக்கு இதில் நியாயம் இல்லாமலில்லை. நெடுங்காலம் நிலைத்துவிட்ட ஏற்பாடுகளைக் குலைக்காமல் காப்பதும் நீதிமன்றத்தின் வேலை. ஒவ்வொரு சுவரின் பழங்கதையையும் கிளறினால் ஊரில் வழக்கு ஓயாது. ஆனால் நீதிமன்றம் காக்கும் உரிமையை வைத்துக்கொண்டு நாம் அந்த அறைக்குள் மறுபடி நுழைந்து அம்மையாரின் முகத்தைப் பார்க்க முடியுமா?

இங்கேதான் முன்னே குறிப்பிட்ட பெரியார் வருகிறார். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் குஷைரி (ரஹ்) அவர்கள் தம் ‘ரிஸாலா’வில், பேணுதல் என்று நாம் சொல்லும் ‘வரஃ’ பற்றிய பாடத்தில், ஹழ்ரத் பாயஸீத் பிஸ்தாமி (ரஹ்) அவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாயஸீத் அவர்கள் ஊருக்கு வெளியே தம் உடையைத் துவைத்தார்கள். உடனிருந்த தோழர், அருகிலிருந்த திராட்சைத் தோட்டத்துச் சுவரில் அதைத் தொங்கவிடலாம் என்றார். பிறர் சுவரில் முளை அடிப்பது கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மரத்தில் போடலாமே? கிளை முறியும். புல்லின்மீது விரிக்கலாமே? அது கால்நடைகளின் தீனி. அவற்றின் கண்ணுக்கு அதை மறைக்கலாகாது. கடைசியில் ஈர உடையைத் தம் முதுகிலேயே போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் மறு பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அதுவும் காயும்வரை நின்றார்கள்.

இளமையில் இதைப் படித்தபோது நாம் புன்னகைத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஞானிகளின் மிகைகளுள் இதுவும் ஒன்று என்று பக்கத்தைப் புரட்டினோம். மாடு தின்னும் புல்லின்மீது ஒரு நாழிகை சட்டை கிடந்தால் மாடு பட்டினி கிடந்துவிடுமா? இப்போது அந்தப் பக்கத்தைப் படிக்கையில் சிரிப்பு வரவில்லை. முதலில் சொல்லப்பட்டது சுவரும் முளையும் அல்லவா?

ஆயினும் ஓர் ஐயம் நம்மை விடவில்லை. எல்லாரும் பாயஸீத் ஆக முடியுமா? ஆகத்தான் வேண்டுமா? பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் முதுகில் போட்டா துணி உலர்த்துவது? சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் மூங்கில் கழிகளைச் சன்னலுக்கு வெளியே நீட்டித் துணி உலர்த்துவதை அங்குள்ள நம் உறவினர் வீடுகளில் கண்டிருக்கிறோம். ஐந்தாம் மாடியின் சொட்டு நான்காம் மாடியின் துணியில்தான் விழும். மனிதன் மனிதனோடு நெருங்கி வாழும் இடத்தில் ஒருவன் ஈரம் மற்றவன்மீது சிறிதும் படாமல் வாழ வழியில்லை. முற்றிலும் தீண்டாது வாழ்வேன் என்பவன் காட்டுக்குப் போக வேண்டும். பாயஸீத் அவர்களுக்கோ காட்டிலும் புல் குறுக்கிட்டது.

மார்க்கமும் அத்தகைய தனிமையை நம்மிடம் கேட்கவில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஒரு நபிமொழியை ஈண்டு நினைவு கூர்தல் தகும். அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதை எவரும் தடுக்க வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். இதைக் கேட்டவர்கள் தயங்கித் தலைகுனிந்ததைக் கண்டு அபூஹுரைரா (ரலி) அவர்கள் கடிந்துகொண்டதும் அவ்வறிவிப்பிலேயே இருக்கிறது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள், தேவை இருந்து, தீங்கும் இல்லையெனில் இடம் தருவது கடமை என்றார்கள். மற்ற இமாம்களுள் பெரும்பாலோர் இது விரும்பத்தக்க நற்பண்பு, உடையவரின் இசைவு வேண்டும் என்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் இதற்கு அடுத்தாற்போல் வரும் செய்தியும் சுவையானது. தம் நிலத்தின் வழியே அடுத்தவர் வாய்க்கால் வெட்ட இசையாத ஒருவரிடம், உமக்கும் அதனால் பயன் உண்டு, தீங்கொன்றும் இல்லையே என்று உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அவர் பிடிவாதமாய் மறுக்கவே, உம் வயிற்றின் மீதேனும் அவ்வாய்க்கால் போயே தீரும் என்று ஆணையிட்டுவிட்டார்கள்.

ஒருபுறம் முளையே அடிக்காத பாயஸீத். மறுபுறம் முளையைத் தடுக்காதே என்னும் நபிமொழி. இரண்டும் முரண் என்று முதலில் தோன்றிற்று. நெடுநேரம் எண்ணிப் பார்த்ததில், இரண்டும் வெவ்வேறு ஆள்களிடம் பேசுகின்றன என்று கண்டோம். நபிமொழி சுவருக்கு உரியவனை நோக்கியது. பாயஸீத் அவர்களின் செயல் கையில் முளையோடு நிற்பவனுக்கானது. உலகில் வழக்குகள் எழுவது, இவன் வாசகத்தை அவனும் அவன் வாசகத்தை இவனும் எடுத்துக்கொள்வதால்தான். ஆணி அடிப்பவன், “தடுக்கக்கூடாதென்று ஹதீஸ் இருக்கிறதே” என்கிறான், சுவருக்குரியவன், “பாயஸீத் பிறர் சுவரைத் தொட்டாரா?” என்று கேட்கிறான். நாமோ எந்த வாசகத்தையும் எடுக்கவில்லை. வெறும் சுத்தியலை எடுத்தோம். தன் பங்கைச் செய்தவர் அந்த அம்மையார் ஒருவரே. அவரோ அந்த நபிமொழியைக் காதால் கேட்டவரல்லர்.

அவருடைய மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மௌனம் சம்மதம் என்பது நம் நாட்டு வழக்கு. கன்னிப் பெண்ணின் நிக்காஹ் சம்மதத்தில் நம் ஷரீஅத்தும் மௌனத்தை ஏற்கிறது. ஆனால் அங்கே அவளிடம் கேட்கப்படுகிறது; கேட்ட பிறகு வரும் மௌனம் அது. கேளாமல் பெற்ற மௌனத்துக்கு அந்த மதிப்பைத் தரலாமா? வாய் திறவாதவன்மீது எச்சொல்லையும் சுமத்தலாகாது என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் அடிப்படை விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பின் 67ஆம் விதியும் அதுவே. பேசியே ஆக வேண்டிய இடத்தில் காக்கும் மௌனம் மட்டும் பேச்சாகக் கொள்ளப்படும் என்று அவ்விதி தொடர்கிறது. ஆணியின் ஓசை கேட்டபோது அந்த அம்மையார் பேசியிருக்க வேண்டாமா என்று ஒருவர் வாதிக்கலாம். பேசாதவர்கள் ஏன் பேசவில்லை என்பதை அறிந்தவர் அப்படி வாதிக்கமாட்டார்.

துணி உலர்த்துவதோடே தொடர்புள்ள இரண்டு மௌனங்கள் நினைவுக்கு வருகின்றன. ஹிம்ஸ் நகரின் ஆளுநர் ஸஈத் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள்மீது மக்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் குறை கூறினர். மாதத்தில் ஒருநாள் அவர் எங்களைச் சந்திக்க வெளியே வருவதே இல்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. சொல்ல விருப்பமில்லைதான் என்ற முன்னுரையோடு ஆளுநர் விடையளித்தார்: தமக்குப் பணியாள் இல்லை, உடுத்தியிருப்பதன்றி வேறு உடையும் இல்லை, மாதம் ஒருமுறை அதைத் துவைத்து, அது உலரும்வரை வீட்டினுள் இருந்துவிட்டு, பகலின் முடிவில்தான் வெளியே வர முடிகிறது. கலீஃபாவின் முன்னிலையில் கேட்கப்பட்டிராவிடில் அம்மௌனத்துக்குச் சோம்பல் என்றும் செருக்கு என்றுமே ஹிம்ஸ் மக்கள் பொருள் கொண்டிருப்பர்.

மற்றது 1917இல், சம்பாரணில். பிதிஹர்வாவை அடுத்த ஒரு சிற்றூரின் பெண்கள் ஏன் உடைகளைத் துவைப்பதில்லை என்று கேட்டுவருமாறு கஸ்தூரிபாயைக் காந்தியடிகள் அனுப்பினார். ஒரு பெண் அவரைக் குடிசைக்குள் அழைத்துச் சென்று, பெட்டியோ பேழையோ இல்லாத வெறுமையைக் காட்டி, உடுத்தியிருக்கும் சேலை ஒன்றே தன் உடைமை என்றாள். துவைத்தால் உலரும்வரை எதை உடுப்பது? காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். கஸ்தூரிபாய் போய்க் கேட்கும்வரை, வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே அழுக்கை மட்டுமே கண்டனர்.

ஸஈத் அவர்களின் மௌனத்தில் மானம் இருந்தது. சம்பாரண் பெண்ணின் மௌனத்தில் வறுமை இருந்தது. நம் அம்மையாரின் மௌனத்தில் இரக்கம். இவற்றுள் எதையும் ‘சம்மதம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்ட நமக்கு மனம் வரவில்லை. அம்மையாரின் மௌனம் சம்மதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அவர் நமக்கு ஒரு கொடையைத் தந்திருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டு அதை நாம் பெற்றிருக்கிறோம். பெறுகிறோம் என்று அறியாமலே பெற்றிருக்கிறோம். அறியாமல் பெற்றதற்கு நன்றி எப்படிச் செலுத்துவது? நம் சொந்த உரிமை என்றல்லவா அதை எண்ணியிருந்தோம்!

மனிதர்க்குச் செய்த குறையை அந்த மனிதர் பொறுத்தாலன்றி இறைவன் பொறுப்பதில்லை என்று நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாய்ப் போய், “ஹலாலாக்கி விடுங்கள்” என்று கேட்பது அதனால்தான். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும் இந்த ஹக்கு உண்டு. ஆட்டை அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது நாம் அறிந்ததே. ஆயின் அம்மையாரிடம் போய் எந்தச் சொல்லால் கேட்பது? மன்னிப்பு என்றால் குற்றத்தைப் பொறுப்பது. நாம் வேண்டியது அதற்கும் மேலே, அவர் பக்கத்து உரிமையை அவர் விட்டுக்கொடுப்பது. சொல்லைத் தேடித் தடுமாறி, நடந்ததையெல்லாம் விரிவாய்ச் சொல்லி முடித்தோம். அவர், "சுவருதானே பாய், பூசி வெள்ளையடிச்சா போச்சு. இதுக்குப் போயி ரெண்டு நாளா சோறு திங்கலையாமே" என்றார். நம் வீட்டார் சுவருக்கு மேலாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரமே கொத்தனாரை அழைத்து, நம் முற்றத்திலேயே இரண்டு இரும்புக் குழாய்களை நட்டுக் கான்கிரீட் போட்டோம். கயிற்றை ஓரடி தொய்யவிட்டுக் கட்டினோம். அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கி, துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்து, இரு புறமும் பூசச் செய்தோம். கூலியில் பாதியை அம்மையார் கொடுத்தனுப்பினார். நாம் திருப்பி அனுப்பினோம். மறுநாள் ஒரு தார் வாழைப்பழம் வந்து சேர்ந்தது.

ஒரு பெரும் பாரத்தை இறக்கி வைத்தவர்போல் நாம் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்ற மாலையில், அம்மையார் தம் பின்வாசலில் வந்து நின்றார். குழாய்களைப் பார்த்தார், ஆணி இருந்த இடத்தைப் பார்த்தார். முகத்தில் நாம் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை.

"நான் வேணாம்னு சொல்லலையே பாய். ஏன் கழட்டினீங்க?" என்று கேட்டார்.

அடித்தபோது அவரைக் கேட்கவில்லை. கழற்றியபோதும் கேட்கவில்லை என்பது அக்கணம்தான் நமக்கு உறைத்தது. என்ன விடை சொல்வதென்று தெரியாமல், ஏற்கெனவே காய்ந்துவிட்ட ஒரு கைலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றோம்.